உதைபந்தாட்ட வீரர் துளசிதாஸ் பலராம்
(பயிற்றப்பட்ட தமிழாசிரியர், நறுவிலிக்குளம்)

கல்லூரியொன்று விழா எடுக்கும்போது அதன் கட்டிடங்களையும் வகுப்பறைகளையும் எண்ணிப் பார்த்து மகிழ்தல் இயல்பு. ஆயினும் அக்கல்லூரியின் மெய்யான செல்வம் அதன் வாயிலைக் கடந்து சென்ற மாணவரே ஆவர். அவருள் எவரை நாம் இனங்கண்டு வளர்த்தோம், எவரை மறவாது போற்றுகிறோம் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை தேட வேண்டிய காலம் விழாக் காலமாகும். தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து, ஆசியாவின் தலைசிறந்த உதைபந்தாட்ட முன்னிலை வீரருள் ஒருவராய் விளங்கி, 2023ஆம் ஆண்டில் மறைந்த துளசிதாஸ் பலராம் அவர்களின் ஆட்ட வாழ்வை, இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மன்னார் மண்ணிலே உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணங் கூற வேண்டுவதில்லை. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயலோரச் சிற்றூர்களிலும், வலை உலரும் கடற்கரை ஊர்களிலும், அறுவடை முடிந்த நிலமெல்லாம் ஆடுகளமாவதை நாம் அறிவோம். எமது நறுவிலிக்குளத்துப் பிள்ளைகளிடம் பிறேசில் தேசத்து வீரர் பத்துப் பேரின் பெயரைக் கேட்டால் மூச்சு விடாது ஒப்பிப்பர். கடல் கடந்த அந்நாட்டு வீரரைப் போற்றுதல் தவறன்று. கலைக்கும் ஆட்டத்துக்கும் எல்லை இல்லை. ஆனால், பெலே என்னும் பெருவீரர் உலகுக்கு அறிமுகமான அதே காலத்தில், தமிழ் பேசும் தாயின் மகனொருவன் ஒலிம்பிக் களத்தில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டான் என்னும் செய்தி அப்பிள்ளைகளின் செவிக்கு எட்டாதிருத்தல் குறையே அன்றோ?

முன்னிலை வீரரின் பணி

பலராம் ஆடிய காலத்து ஆட்டமுறையை முதலில் விளக்குதல் தகும். அக்காலத்தில் ஓர் அணியின் முன்வரிசையில் ஐவர் நிற்பர். இரு ஓரங்களிலும் இருவர், அவர்க்கு உட்புறத்தே இருவர், நடுவே ஒருவர். ஓரத்தில் நிற்பவர் விரைந்தோடிப் பந்தை நடுவுக்கு அனுப்புவர். உட்புறத்தவர் பின்னே இறங்கிப் பந்தை வாங்கி, முன்னே நிற்பவர்க்கு வழி வகுப்பர். நடுவில் நிற்பவர் கோல் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்.

கோல் போட்டவர் பெயர் மறுநாட் பத்திரிகையில் வரும். பந்து கொடுத்தவர் பெயர் வருவது அரிது. தமிழிலக்கணத்திலே இடைச்சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. எனினும் அதனை நீக்கிவிட்டால் வாக்கியம் குலைந்து போகும். பந்தைத் தக்க வேளையில் தக்க இடத்துக்கு அனுப்பும் ஆட்டக்காரரும் அத்தகையவரே. பலராம் இடப்புற ஓரத்திலும், உட்புறத்திலும், நடுவிலும் ஆட வல்லவர். கோல் போடவும் வல்லவர், போடுவிக்கவும் வல்லவர். அணிக்கு எவ்விடம் வெறுமையாய் இருந்ததோ அவ்விடத்தில் அவரை நிறுத்தினர். இத்திறமையே அவர் பெருமைக்குக் காரணமாயிற்று. அவர் பெயர் சற்றே பின்னுக்குப் போனமைக்கும் அதுவே ஓரளவு காரணமாயிற்று என்பது எமது கருத்து.

சிற்றூர்ச் சிறுவனும் ஆசிரியர் இரகீமும்

பலராம் 1936ஆம் ஆண்டில் ஐதராபாத் சமத்தானத்துச் செக்கந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தாயும் தந்தையும் தமிழர். செக்கந்திராபாத் படையினர் தங்கிய நகரம். ஆதலின் அங்கே உதைபந்தாட்டம் பெரிதும் பரவியிருந்தது. குடும்பம் வறியது. சப்பாத்து வாங்குவதும் எளிதன்று. எனினும் வெறுங்காலோடு ஓடிய அச்சிறுவனிடத்தில் ஒளிர்ந்த திறமையைக் காணும் கண் ஒன்று அந்நகரத்தில் இருந்தது.

அக்கண்ணுக்குரியவர் சையது அப்துல் இரகீம். அவர் தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதை எம்போன்ற ஆசிரியர் பெருமையோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஐதராபாத்தில் பல பாடசாலைகளிற் கற்பித்து, உடற்பயிற்சிக் கல்வியும் பெற்று, ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநராகி, பின்னர் இந்திய தேசிய அணியின் பயிற்றுநராய் உயர்ந்தவர் அவர். அவருடைய பயிற்சியில் இந்தியா 1951ஆம் ஆண்டில் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவிலே ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

இரகீமின் பயிற்சி முறைகள் அறியத்தக்கவை. வலக்காலர் இடக்காலாலும், இடக்காலர் வலக்காலாலும் மட்டுமே ஆட வேண்டும் என்று விதித்துச் சுற்றுப்போட்டிகள் நடத்துவித்தார். பந்தைத் தாமே உருட்டிக்கொண்டு ஓடாது, வந்த பந்தை உடனே மற்றவர்க்குக் கொடுத்து ஆடும் போட்டிகளையும் ஏற்படுத்தினார். வலிய காலை மேலும் வலிதாக்குவதினும் மெலிந்த காலைத் தேற்றுதலே கல்வி என்னும் உண்மை இதிலுண்டு. பிறேசில் அணி 1958ஆம் ஆண்டில் சுவீடனில் உலகக் கிண்ணம் வென்றபோது உலகெங்கும் புகழ்பெற்ற, நால்வர் பின்னும் இருவர் நடுவும் நால்வர் முன்னுமாக நிற்கும் ஆட்டமுறையை, ஏறத்தாழ அக்காலத்திலேயே இந்திய வீரர்க்கும் அவர் பழக்கி வந்தார்.

இத்தகைய ஆசிரியரின் பார்வை பலராம்மீது விழுந்தது. அம்முகுடாவிலிருந்து ஐதராபாத்துக்குச் சென்று வரப் பணமில்லாதிருந்த இளைஞனுக்கு அதற்கான வழியையும் இரகீமே செய்து கொடுத்ததைப் பலராம் முதுமையிலும் நன்றியோடு நினைவு கூர்ந்தார். திறமையைக் கண்டு பாராட்டிவிட்டுப் போவோர் பலர். அத்திறமை நாளைக்கு மைதானத்துக்கு வந்து சேர என்ன செலவாகும் என்று கேட்போர் சிலரே. பலராமின் வாழ்வு திரும்பியது அந்தச் சிறு கேள்வியினாலேயே என்க. 1956ஆம் ஆண்டில் இந்திய மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தை ஐதராபாத் வென்றபோது அவ்வணியில் அவரும் ஒருவராய் நின்றார்.

மெல்பேண் நகரில்

அவ்வாண்டின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. அதற்கு முன்னைய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் இந்தியா பெற்ற அனுபவத்தை இங்கே நினைத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டில் இலண்டனில் இந்திய வீரர் பலர் சப்பாத்தின்றி ஆடிப் பிரான்சிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றனர். 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் யூகோசிலாவியா 10-1 என்ற கணக்கில் இந்தியாவை வீழ்த்தியது. அதே 1952இல் கொழும்பிலே தொடங்கி, இலங்கை, இந்தியா, பாக்கித்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள் ஆண்டுதோறும் மோதிய கொழும்புக் கிண்ணச் சுற்றுப்போட்டிகள், இந்திய அணி தன்னைத் திருத்திக்கொள்ளும் களமாயின எனலாம்.

மெல்பேணில் இந்தியா அவுஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டி சூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டிய முதலாவது ஆசிய நாடு என்னும் பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் எதிர்த்து நின்றது அதே யூகோசிலாவியா. அவ்வாட்டத்திலேதான் இருபது வயதளவினரான பலராம் முதன்முதலாகத் தேசிய அணியில் இறங்கினார். டி சூசா முதற் கோலைப் போட, இந்தியா முன்னிலை பெற்றது. பின்னர் யூகோசிலாவியா மீண்டெழுந்து 4-1 என வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் வாங்கிய அணி, அதே எதிரியை ஒரு கோலால் முந்தி நின்ற அந்தச் சில நிமிடங்களின் பெறுமதியைப் புள்ளிக் கணக்கு காட்டாது.

கல்கத்தாவும் உரோமாபுரியும்

1957ஆம் ஆண்டில் பலராம் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் கழகத்திற் சேர்ந்தார். கல்கத்தாவிலே உதைபந்தாட்டம் ஒரு விளையாட்டு மட்டுமன்று. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்சி பிரிந்து நிற்கும் பெருவிழா. மொழியும் ஊரும் புதியனவாயினும் அவர் விரைவில் அந்நகரத்தின் அன்புக்குரியவரானார். அக்கழகத்துக்காக அவர் நூற்றுக்கு மேற்பட்ட கோல்கள் போட்டார். 1961ஆம் ஆண்டில் அணித்தலைவராய் நின்று கல்கத்தா லீக் வாகையையும் பெற்றுக் கொடுத்தார், அவ்வாண்டு ஐ. எஃப். ஏ. கேடயத்தையும் அவரணி மோகன் பாகானோடு பகிர்ந்துகொண்டது. முன்னர் ஐதராபாத்துக்காக வென்ற சந்தோஷ் கிண்ணத்தை வங்காளத்துக்காகவும் வென்றார்.

இக்காலத்திலேதான் இந்திய முன்வரிசையின் மூவர் ஒன்றுகூடினர். வலப்புற ஓரத்தில் பி. கே. பானர்ஜி, உட்புறத்தில் சுனி கோஸ்வாமி, இடப்புறத்தில் பலராம். பானர்ஜியின் வேகமும் வலிய உதையும், கோஸ்வாமியின் நுண்ணிய கால்வித்தையும், பலராமின் கூரிய நோக்கும் இணைந்தபோது ஆசியாவில் அவர்க்கு நிகரான முன்வரிசை அரிதாயிற்று. மூவரையும் ஒருசேர மும்மூர்த்திகள் என்று வழங்குவர்.

1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் விழாவில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவு கடினமானது. முதலாட்டத்தில் ஹங்கேரி எதிர்த்தது. பின்னாளில், 1967இல், ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற புளோரியன் அல்பேர்ட் அவ்வணியில் ஆடினார். ஹங்கேரி 2-1 என்ற கணக்கிலேயே வெல்ல முடிந்தது. இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் பலராம். அடுத்து, பிரான்சோடு 1-1 எனச் சமநிலை. அக்கோல் அணித்தலைவர் பானர்ஜியுடையது. இறுதியாகப் பேரு நாட்டிடம் 1-3 எனத் தோல்வி. அவ்வொரு கோலும் பலராமுடையதே. ஆக, அவ்விழாவில் இந்தியா போட்ட மூன்று கோல்களுள் இரண்டு அவருடையவை. அதன்பின் இன்றுவரை இந்தியா ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தின் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றதில்லை. ஆதலின் ஒலிம்பிக் களத்தில் இந்தியா இறுதியாகப் போட்ட கோல் பலராமின் காலிலிருந்து பிறந்ததாகும்.

ஜகார்த்தாவில் பெற்ற பொன்

1962ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் தலைநகராகிய ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா நிகழ்ந்தது. அரசியற் காரணங்களால் இசுரேலும் தாய்வானும் அவ்விழாவில் இடம்பெறாதபடி செய்யப்பட்டன. ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்திற் பதவி வகித்த இந்தியரான ஜி. டி. சோந்தி அதனைக் கண்டித்துரைத்தார். அதனால் எழுந்த சினம் இந்திய வீரர்மீது பாய்ந்தது. அவர்கள் ஆடிய இடமெல்லாம் பார்வையாளரின் ஏளன ஒலி சூழ்ந்தது.

தொடக்கமும் நன்றாய் அமையவில்லை. முதலாட்டத்தில் தென்கொரியா 2-0 என வென்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 எனவும், யப்பானை 2-0 எனவும் இந்தியா வீழ்த்தியது. அவ்விரண்டு ஆட்டங்களிலும் பலராம் கோல் போட்டார். யப்பானுக்கு எதிரான வெற்றி இல்லாவிடில் அரையிறுதியே இல்லை. அரையிறுதியில் தென்வியட்நாம் 3-2 எனத் தோற்றது. செப்டெம்பர் 4ஆந் திகதி இறுதி ஆட்டம். எதிரி மீண்டும் தென்கொரியா. அரங்கில் கூடியிருந்த பெருந்திரளில் இந்தியாவுக்காகக் கை தட்டியவர் மிகச் சிலரே. தலையிற் காயத்தோடு, தம் பின்னிலை இடத்தை விட்டு முன்னிலையில் ஆடிய ஜர்னயில் சிங் ஒரு கோலும், பானர்ஜி ஒரு கோலும் போட்டனர். ஐதராபாத்திலே பிறந்த பீற்றர் தங்கராஜ் இலக்கைக் காத்து நின்றார். 2-1 என இந்தியா வென்றது. ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியா பெற்ற தங்கப் பதக்கங்கள் இரண்டே. 1951இல் ஒன்று, 1962இல் ஒன்று. இரண்டிலும் பயிற்றுநர் இரகீமே. அவர் அப்போதே புற்றுநோயால் துன்புற்றிருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்திற் காலமானார்.

இருபத்தேழாம் வயதில்

அதே 1963ஆம் ஆண்டில், ஈஸ்ட் பெங்காலை விட்டுப் பெங்கால் நாக்பூர் இரெயில்வே அணியில் ஆடிக்கொண்டிருந்த பலராமுக்கு நுரையீரலைச் சூழ்ந்த உறையில் அழற்சி நோய் கண்டது. ஓட்டமே உயிரான ஆட்டத்தில் மூச்சுக்கு முட்டு வந்தால் என் செய்வது? இருபத்தேழு வயதளவில், பலர் தம் முழு வலிமையைப் பெறும் பருவத்தில், அவர் ஆட்டத்தை விட்டு விலகினார். மெல்பேணில் தொடங்கிய தேசிய ஆட்ட வாழ்வு ஏழாண்டுகளுள் முடிந்தது.

பிறேசில் நாட்டு முன்னிலை வீரர் டொஸ்டாவோவின் வாழ்வு ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் உலகக் கிண்ணம் வென்ற பிறேசில் அணியில் பெலேயின் பக்கத்தில் நின்று, எதிரணியின் பின்னிலையாளரைத் தம் பின்னே இழுத்துச் சென்று, ஏனையோர்க்கு வெளி உண்டாக்கிக் கொடுத்தவர் அவர். அச்சுற்றுப்போட்டியில் அவர் போட்ட கோல்கள் இரண்டே. இரண்டும் பேருவுக்கு எதிரானவை. அதற்கு முந்திய ஆண்டிலேயே கண்ணின் விழித்திரை விலகிச் சத்திரசிகிச்சை பெற்றிருந்தார். அக்கண் நோயே காரணமாக 1973ஆம் ஆண்டில் அவரும் தம் இருபதுகளிலேயே ஓய்வு பெற்றார். பின்னர் மருத்துவம் கற்று மருத்துவரானார்; அதன்பின் பத்திரிகைகளில் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றார். விளையாட்டு ஒரு நாள் கைவிடும் என்பதை எண்ணிக் கல்வியையும் கைக்கொள்ள வேண்டும் என்று மாணவர்க்கு உரைப்போர், இவ்வீரரையே சான்றாகக் காட்டலாம்.

பலராமின் பிற்காலம் வேறு வகையாய் அமைந்தது. இரெயில்வேயிற் பணியாற்றினார், இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார், தேசிய அணிக்கு வீரரைத் தேர்வோருள் ஒருவராயும் இருந்தார். திருமணம் செய்யாது, கல்கத்தாவுக்கு அண்மையில் ஊக்ளி நதிக்கரையிலுள்ள உத்தரபாராவில் தனியே வாழ்ந்தார். 1962ஆம் ஆண்டுக்குரிய அருச்சுன விருது அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் மேற்கு வங்க அரசும் ஒரு விருதளித்தது. ஆனால் அவருடன் ஆடிய பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் கிடைத்த பத்மசிறீ விருது அவருக்குக் கிடைக்கவேயில்லை. அவ்விருவரும் 2020ஆம் ஆண்டில் ஒருவர்பின் ஒருவராய் மறைந்தனர். மும்மூர்த்திகளுள் எஞ்சியிருந்த பலராம், 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி தமது 86ஆம் வயதிற் காலமானார். இரகீமின் வாழ்வைக் கூறும் இந்தித் திரைப்படம் ஒன்று 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் பலராமும் ஒரு பாத்திரமாக வருகிறார்; அதனைக் காண அவர் இருக்கவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

ஒரு வீரரின் வாழ்வை அவர் கால்களே ஆக்குகின்றன என்று எண்ணுதல் முழுவுண்மையாகாது. தொடக்கத்தில் அவரைக் காண ஒரு கண் வேண்டும். இறுதியில் அவரை நினைக்க ஒரு நெஞ்சு வேண்டும். பலராமுக்கு முதலாவது நிறைவாய் வாய்த்தது. இரண்டாவது குறைவாய் வாய்த்தது. முதலாவதைச் செய்தவர் ஒரே ஓர் ஆசிரியர். இரண்டாவதைச் செய்யத் தவறியவரோ பலர்.

எமது வகுப்பறைகளில் எழுவாய் பயனிலை கேட்டால் தலை குனிந்து நிற்கும் மாணவன், மாலை வேளையில் மைதானத்திலே மூவரைத் தாண்டிப் பந்தை நண்பன் காலடியில் வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவனைக் குறைந்த புள்ளியின் பெயரால் மட்டும் அறிந்திருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. பயிற்சி முடிந்து இருட்டும் வேளையில் தொலைவிலுள்ள ஊருக்குப் போகப் பஸ் உண்டோ, கையிற் கட்டணம் உண்டோ, காலுக்கேற்ற சப்பாத்து உண்டோ என்று ஒருவர் கேட்டாலன்றி, அத்தகைய பிள்ளைகள் இரண்டொரு மாதங்களில் மைதானத்துக்கு வாராது நின்றுவிடுவர். அவர்கள் நின்றதை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை. உள்நாட்டுப் போரினால் ஊர் விட்டு ஊர் அலைந்து மீண்ட எமது பிரதேசத்தில் இவ்விழப்பு ஏனைய இடங்களினும் பெரிதென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு இதனாற் பெறப்படும் பணிகள் இரண்டு. வசதி குறைந்த வீரர்க்குப் போக்குவரத்துக்கும் சப்பாத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு நிதி ஒதுக்குதல் ஒன்று. கல்லூரிக்காக ஆடிய ஒவ்வொருவர் பெயரையும், கோல் போட்டவரோடு பந்து கொடுத்தவரையும், காயத்தாலும் நோயாலும் இடையில் நின்றவரையும் சேர்த்து, ஏடொன்றில் எழுதி நூலகத்தில் வைத்தல் மற்றொன்று. முதிய வீரரை அவர் உயிரோடிருக்கும்போதே மேடைக்கு அழைத்து மாலையிடுதலும் இதனுள் அடங்கும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும்.

மாணவர்காள்! பிறேசிலின் மஞ்சட் சட்டையை அணிந்து ஆடுங்கள்; தடையில்லை. அதனோடு, ஒலிம்பிக் களத்தில் ஹங்கேரிக்கும் பேருவுக்கும் எதிராகக் கோல் போட்ட தமிழ் மகன் ஒருவன், நும்மைப் போலவே வெறுங்காலோடு தொடங்கினான் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மெலிந்த காலையும் பழக்குங்கள், பந்தை உரிய வேளையிற் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், நூலையும் கைவிடாதீர்கள். நும்மைக் கண்டு வளர்க்கும் கடமை எம்முடையது; நும்மை நினைந்து போற்றும் கடமை இக்கல்லூரியினுடையது. விழாக் காணும் கல்லூரி இவ்விரு கடமைகளையும் குறைவறச் செய்து மேன்மேலும் ஓங்குவதாக.